அச்சில் மட்டும் அம்மாயி ஏன் கறுத்துப் போனார்?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு நிற மைத்தொட்டி ப்ரின்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தேயிலை மலையோரம் அம்மாயியை நிற்க வைத்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்ட ஆசை. லேப்டாப்பில் படம் பளிச்சென்று இருக்கிறது, கடதாசிக்கு வந்தால் இருட்டு. முகத்தில் செம்மண் பூசியது போல ஒரு சிவப்பு. பின்னால் இருக்கும் கொழுந்துப் பச்சை சேற்றுப் பச்சையாகிவிட்டது. ப்ரின்டரை மாற்றுவதா, திரையை அளக்கும் கருவி வாங்குவதா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. படம் இருட்டாக வருவது ஒன்று, நிறம் மாறி வருவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு படத்தையே திருத்தித் திருத்தி அடித்தால் மையும் கடதாசியும்தான் தீரும். நான் சொந்தமாக வாங்கிய முதல் ப்ரின்டரில் இதே வேலையைச் செய்து இரண்டு பெட்டிக் கடதாசியைக் குப்பையில் போட்டவன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் இருட்டு. இதில் ப்ரின்டர் பெரும்பாலும் ஒரு தப்பும் செய்வதில்லை. திரைக்குச் சொந்த ஒளி இருக்கிறது. கடதாசிக்கு இல்லை, அதன் மேல் விழுகிற ஒளியைத் திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு சாதாரண லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்தால் அதன் வெள்ளை 250 நிட் அளவில் இருக்கும். நிட் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்ற அளவு. சில தனித் திரைகள் 300, 350 வரை போகும். இனிக் கடதாசிக்கு வருவோம். அறை நடுவில் ஒரு 9 வாட் எல்ஈடி பல்ப் தொங்குகிற வீட்டில், மேசைமேல் பெரும்பாலும் 100 லக்ஸ்தான் விழும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழுகிற ஒளியின் அளவு. அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி திருப்பித் தருவது ஏறத்தாழ 30 நிட். கணக்கு லேசானது: லக்ஸை 3.14 ஆல் வகுத்து, கடதாசி கொஞ்சம் விழுங்கிவிடுவதைக் கழித்தால் போதும். 250 எங்கே, 30 எங்கே? எட்டு மடங்கு வெளிச்சத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிக் கடதாசியைப் பார்த்தால் இருட்டாகத்தான் தெரியும்.

அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. திரை பளபளவென்று இருப்பதால், படத்தைத் திருத்தும்போது ‘இது போதும், முகம் நன்றாகத் தெரிகிறதே’ என்று நாம் கையை எடுத்துவிடுகிறோம். படத்தின் உண்மையான அளவு இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ப்ரின்டர் அந்த உண்மையை அப்படியே அடித்துக் காட்டுகிறது, நாம் ப்ரின்டரைத் திட்டுகிறோம்.

ஆகவே திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். அச்சுக்காகத் திருத்தும் வேலைக்கு 80 முதல் 120 நிட் வரை வைத்துக்கொள்வது வழக்கம். அளக்கும் கருவி இல்லாமலே அதற்கு வழி இருக்கிறது. நீங்கள் அச்சுகளைப் பார்க்கும் இடத்தில், நல்ல விளக்கொன்றின் கீழ், நீங்கள் பாவிக்கும் அதே ஃபோட்டோ கடதாசியில் வெறும் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பல லேப்டாப்களில் அது பாதிக்கும் கீழே போய் நிற்கும். முதல் இரண்டு நாள் ‘என்ன இது, கண்ணில் படலம் விழுந்தது போல’ என்று தோன்றும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

கையில் எஸ்எல்ஆர் மாதிரியான காமரா இருந்தால் இன்னும் துல்லியமாகவே செய்யலாம். காமராவை மேனுவலில் போட்டு, ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்4, வேகம் நொடியில் 60இல் ஒரு பங்கு என்று வையுங்கள். திரை முழுவதும் வெள்ளையாக இருக்க, அந்த வெள்ளை மட்டும் காமராவை நிரப்பும்படி கிட்டப் போங்கள். உள்ளே தெரியும் ஒளிமானியின் முள் நடுவில், அதாவது சுழியத்தில் நிற்கும்வரை திரையின் வெளிச்சத்தை மாற்றுங்கள். அங்கே திரை கிட்டத்தட்ட 120 நிட். வேகத்தை 50இல் ஒரு பங்காக வைத்துச் செய்தால் 100 நிட். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கருவிக்கு இது ஈடில்லை என்றாலும், வெளிச்சத்தை மட்டும் சரிபார்க்க இது தாராளம்.

அந்த இடத்தில் ஒரு பேனாவால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை கட்டம் என்று. அப்புறம் அது தானாக மாறாமல் பார்க்க வேண்டும். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப தானே கூடிக் குறைகிற வசதி, இரவில் திரையை மஞ்சளாக்குகிற வசதி, மின்கலத்தை மிச்சப்படுத்தத் திரையை மங்க வைக்கிற வசதி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தனித் திரையாக இருந்தால் அதன் பட்டியலில் எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அளவு) அல்லது 6500 கெல்வின் (ஒளியின் வெண்மை மஞ்சள் பக்கமா நீலம் பக்கமா என்று சொல்லும் அளவு) என்று ஒரு நிலை இருக்கும், அதைத் தெரிவு செய்யுங்கள். லேப்டாப் மலிவு ரகம் என்றால் தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படத்தின் இருட்டும் வெளிச்சமும் மாறினால், திரையை நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஊர்க்காரருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்: பனிமூட்டம். காமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். நுவரெலியாவிலோ ஹோர்டன் சமவெளியிலோ மூட்டம் நிறைந்த காலையில் படம் எடுத்தால், அந்த வெண்மையைக் காமரா சாம்பலாக இறக்கிவிடும். கூடவே நிற்கிற ஆளின் முகமும் இறங்கிவிடும். எடுக்கும்போதே முக்கால் முதல் ஒரு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி எடுப்பது நல்லது. எடுத்தாகிவிட்டது என்றால், திருத்தும் மென்பொருளில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை மலையாக ஒரு வரைபடம் தெரியுமே, அதுதான். அதில் இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். மூட்டத்துக்குரிய மேடு வலப்பக்கமாக இருக்க வேண்டும். நடுவில் குந்தியிருந்தால் படமே இருட்டு. கண் ஏமாறலாம், திரை ஏமாற்றலாம், அந்த வரைபடம் ஏமாற்றாது.

அடுத்தது, அச்சை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அச்சுத் தொழிலில் நிறம் பார்ப்பதற்கான சர்வதேசத் தரம் 5000 கெல்வின் ஒளியைச் சொல்கிறது. இரண்டு அளவு வெளிச்சங்கள் அதில் உண்டு: அச்சையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். வீட்டில் அப்படி ஒரு பெட்டி கட்டத் தேவையில்லை. மேசை விளக்கு ஒன்றில் நிறத்தெளிவு எண் 90க்கு மேல் எழுதியிருக்கிற எல்ஈடி பல்ப்பைப் போட்டால் போதும். அந்த எண் பெட்டியின் பக்கத்தில் சிஆர்ஐ என்று இருக்கும். கடைகளில் கிடைக்கும் மலிவு பல்ப்கள் பெரும்பாலும் 80. அவற்றில் குறிப்பாகச் சிவப்பு செத்துப் போகும். குங்குமம் காய்ந்த பாக்குப் போலவும் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலவும் தெரியும்.

பகல் வெளிச்சமே மேல் என்று ஜன்னலண்டை போவீர்கள். போகலாம், ஆனால் எந்த ஜன்னல்? தோட்டத்தில் பாதி வீடுகளின் ஜன்னல் நேரே தேயிலை மலையைப் பார்த்திருக்கிறது. வெயில் அந்தப் பச்சையில் பட்டு, பச்சையாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. அதற்கு மேல், உள்ளே சுவருக்கு ராமர் பச்சையோ கிளிப்பச்சையோ பூசியிருப்போம். அங்கே நின்று ‘படம் பச்சையடிக்கிறது’ என்று நான் ஒரு முழு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். வாசலுக்கு வந்து வானத்துக்குக் கீழே பிடித்ததும் படம் சரியாக இருந்தது! மூட்டமான நாளில் வெளிச்சம் நீலம் பக்கம் சாயும், அதையும் நினைவில் வையுங்கள். சுருக்கமாக, எந்த விளக்கில் பார்க்கிறீர்களோ அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது முழுச் சரியாக இல்லாவிட்டாலும் மாறாமல் இருப்பது முக்கியம்.

சரி, முகச் சிவப்புக்கு வருவோம்.

உங்கள் ப்ரின்டரில் ஆறு மை. வழக்கமான சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு நான்கோடு, வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று இரண்டு. முகத்தின் மென்மையான ஏற்ற இறக்கங்களைப் போடுவதற்குத்தான் அந்த வெளிர் மைகள் வருகின்றன. இதில் ப்ரின்டர் தலையில் வெளிர் சயான் வரும் துளைகள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முகத்தில் சிவப்பைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. சாம்பல் எல்லாம் சிவக்கும், முகம் செம்மண்ணாகும். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது. ஆகவே வேறு எதைத் தொடுவதற்கும் முன், அந்தத் துளைகளைச் சோதிக்கிற நொசில் செக் கோடுகளை ஒரு தாளில் அடியுங்கள். வெளிர் மைகளின் கோடுகள் வெள்ளைக் கடதாசியில் சரியாகத் தெரியாது, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கோடு உடைந்திருந்தால் தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் ஒரு முறை, மறுபடி சோதனை. இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் மை கழிவுப் பஞ்சுக்குப் போகிறது, அந்தப் பஞ்சு நிறைந்தால் வேறு தலைவலி. ப்ரின்டரை அணைத்து ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், பல நேரம் தானே இளகிவிடும். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்றை அடித்து வந்தால் இந்தத் தொல்லை குறையும்.

கோடுகள் எல்லாம் முழுதாக இருந்தால், அடுத்த சந்தேகம் இரட்டைத் திருத்தம். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் அச்சடிக்கும்போது நிறங்களைத் தானே மாற்றி அனுப்ப முடியும். ப்ரின்டரின் டிரைவரும், அதாவது கணினியில் ப்ரின்டரை இயக்கும் மென்பொருளும், தன் பங்குக்கு மாற்ற முடியும். இரண்டும் சேர்ந்து மாற்றினால் மாமியார் ஒரு தரமும் மருமகள் ஒரு தரமும் உப்புப் போட்ட குழம்புதான். முகம் மெஜந்தாவுக்குப் போவதும் நிழல்கள் அடைத்துக்கொள்வதும் இதன் வழக்கமான அறிகுறிகள். யார் உப்புப் போடுவது என்று ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். மென்பொருளிடம் விட்டால், அச்சடிக்கக் கொடுக்கும்போது திறக்கும் பெட்டியில் ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்பதைத் தொட்டு, கடதாசிக்குரிய ப்ரொஃபைலைக் கொடுத்து, டிரைவரின் உள்ளே போய் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று நிறுத்திவிட வேண்டும். ப்ரின்டரின் தயாரிப்பாளரைப் பொறுத்து இந்தச் சொல் கொஞ்சம் மாறும். போனிலிருந்தோ சாதாரணப் படம் பார்க்கும் செயலியிலிருந்தோ அடிக்கிறீர்கள் என்றால், டிரைவரையே சமைக்க விடுங்கள். ஆனால் அதிலும் ‘ஃபோட்டோ என்ஹான்ஸ்’, ‘ஆட்டோ கரெக்ட்’ மாதிரியானவை முடிந்தால் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு விதமாக மாற்றிவிடும், பிறகு எதை வைத்து எதைத் திருத்துவது?

ப்ரொஃபைல் என்றதும் ஒரு விளக்கம். இது ஒரு ப்ரின்டர், ஒரு மை, ஒரு கடதாசி, இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்று அளந்து எழுதிய கோப்பு. மூன்றில் ஒன்று மாறினாலும் அது பொய்யாகிவிடும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அசல் மையின் விலையைப் பார்த்துவிட்டுப் பலரும் வேறு மைக்குப் போனார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மையை மாற்றிய பிறகு பழைய ப்ரொஃபைலிடம் பழைய நிறத்தை எதிர்பார்க்க முடியாது. தொட்டியில் பாதி அசல், பாதி மாற்று என்று கலந்து ஊற்றியிருந்தால், கலவை தினமும் மாறும், நீங்கள் கண்டுபிடித்த திருத்தமும் தினமும் தவறும். எந்த மை என்றாலும் ஒரே மையாக ஓடட்டும்.

கடதாசியும் அப்படித்தான். டிரைவரில் கடதாசி வகையைத் தெரிவு செய்வது வெறும் பெயருக்கில்லை. எவ்வளவு மை ஊற்றுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சாதாரணத் தாள் என்று விட்டுவிட்டுப் பளபளப்புத் தாளில் அடித்தால் நிறம் சோர்ந்து வரும். உயர்தரப் பளபளப்பு என்று சொல்லிவிட்டு மலிவுத் தாளைப் போட்டால் மை தேங்கி, நிழல் பகுதிகள் ஒரே கறுப்பாகும். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்கும் பெயரில்லாத பளபளப்புத் தாள்களில் பெரும்பாலானவை சாதாரணக் கடதாசியின்மேல் பூச்சு மட்டும் பூசியவை. பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கொப்பித் தாள் போல இருக்கும். ஸ்டூடியோக்களில் தரும் படம் போலப் பின்பக்கமும் வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அது ரெசின் பூசியது. ஆர்சி என்று கேளுங்கள், எடை பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 240 கிராமுக்கு மேல் இருக்கும். விலை கூட. ஆனால் கறுப்பு ஆழமாக வரும், நிறம் விரியும். சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு அதுதான். ஏதாவது ஒரு ஆர்சி கடதாசியைப் பிடித்து, அதிலேயே நில்லுங்கள். மாதத்துக்கொரு கடதாசி மாற்றுகிறவனுக்கு நிறம் ஒருநாளும் பிடிபடாது.

அந்தக் கடதாசியை எங்கே வைக்கிறீர்கள்? நம் ஊரில் ஈரம்தான் எமன். கொழும்பில் ஏசி அறையில் ப்ரின்டர் தலை காயுமே என்று பயப்படுவார்கள். நமக்குக் கடதாசி நனைவதுதான் பயம். தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் வெளியே கிடந்த தாள் ஒரே இரவில் சுருண்டுகொள்ளும். ஈரத்தாளில் மை பரவும், காய நேரமெடுக்கும், ஓரங்கள் கூர்மை இழக்கும், நிறமும் நகரும். ஃபக்டரியில் தேயிலையை ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துக்கு வறுத்துவிட்டு ஏன் உள்ளே படலம் போட்ட பையில் கட்டுகிறார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அறிவுதான். ஜிப் வைத்த தடித்த பையில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலதைப் போட்டுக் கடதாசியை வையுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்து, மிச்சத்தை உடனே மூடிவிடுங்கள். ப்ரின்டரின் தட்டில் தாளை விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் படத்தைத் தொடும் வேலை. ஒரு முழுத் தாளையும் நம்பிக்கையில் அடிப்பதை விடுங்கள். ஒரே ஏ4 தாளில் அம்மாயியின் முகத்தை மட்டும் வெட்டி நான்கு சின்னப் படமாக வையுங்கள். முதலாவது இருந்தபடி. அடுத்த மூன்றிலும் மென்பொருளின் லெவல்ஸ் என்ற கருவியில் நடு முள்ளை 1.10, 1.20, 1.30 என்று கூட்டுங்கள். வெளிச்சம் என்று எழுதிய பொத்தானைக் கொண்டு கூட்டாதீர்கள், பல மென்பொருள்களில் அது வெள்ளைச் சேலையையும் சேர்த்து வெளுத்துவிடும். நடு முள் மட்டும்தான் முகம் இருக்கும் இடத்தைத் தூக்கி, கறுப்பையும் வெள்ளையையும் அதனதன் இடத்தில் விடும். ஒவ்வொன்றின் கீழும் எண்ணை எழுதி அடியுங்கள். படம் மாட்டப் போகும் சுவரிலேயே அதை ஒட்டி, மாலை விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஒற்றை ஜன்னல்தான், பகலிலும் அரை இருட்டு. அங்கே தொங்கப்போகும் படம் 1.20இல்தான் உயிரோடு இருக்கும் என்றால் 1.20தான் சரி, மேசை விளக்கின் கீழ் அது சற்று வெளிறித் தெரிந்தாலும் பரவாயில்லை.

முக நிறம் சரியா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாமல் எண்ணாலும் பார்க்கலாம். நிறத்தை அளக்கும் சொட்டுக்குழாயைக் கன்னத்தில், மினுங்காத இடத்தில் வையுங்கள். மனிதத் தோல் எதுவானாலும் சிவப்பு எண் அதிகம், பச்சை அடுத்து, நீலம் கடைசி. சிஎம்ஒய்கே எண்களில், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் அளவில் பார்த்தால், நம் ஆட்களுக்கு மஞ்சள் மெஜந்தாவுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும், சயான் மெஜந்தாவுக்குக் கீழ் நிற்கும். மெஜந்தா மஞ்சளைத் தாண்டி ஓடினால் படத்திலேயே சிவப்பு இருக்கிறது என்று அர்த்தம், ப்ரின்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். இது வேதவாக்கு இல்லை. மாலை வெயிலில் நின்றவரின் முகம் இந்தக் கணக்குக்குள் அடங்காது.

நம் முகங்கள் அச்சில் கறுத்துப் போவது இன்று நேற்றுக் கதையில்லை என்பதையும் ஒரு நிமிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரர் தன் கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. நம் மூதாதையர் போன்ற தோட்டத்து ஆட்களையும் அவர் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் படம் எடுக்கப் பாவித்த, கொலோடியன் என்ற கரைசல் பூசிய கண்ணாடித் தகட்டுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டும்தான் தெரியும், சிவப்பும் பழுப்பும் தெரியாது. ஆகவே மாநிறத் தோல் உண்மையைவிடக் கறுப்பாகவே பதியும். பிறகு நிறப் படம் வந்தது. படம் கழுவி அச்சடிக்கும் கூடங்கள் இயந்திரத்தைச் சரிபார்க்க கொடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷர்லி கார்ட்’ படங்களில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி!

அதனால் உங்கள் சொந்தச் சோதனைப் படம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்வேன். தொழில்காரர்கள் 1976இல் வந்த 24 கட்ட நிற அட்டையைப் பாவிக்கிறார்கள், நல்லதுதான், விலையும் அப்படியே. நம் வீட்டிலேயே அதற்கு மாற்று இருக்கிறது. ஒரு வெள்ளைத் துணிமேல் குங்குமச் சிமிழ், ஒரு தட்டில் மஞ்சள் தூள், அலுமினியப் பாத்திரம், நீலச் சேலையின் முந்தானை, வெள்ளைக் கடதாசி, பக்கத்தில் அம்மாவின் கை. மூட்டமில்லாத காலையில், நிழலில் வைத்து ஒரு படம் எடுங்கள். அந்தக் கடதாசி வெள்ளையாக வரும்படி வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து சேமித்துவிடுங்கள். மையோ கடதாசியோ மாற்றும்போதெல்லாம் முதலில் இந்தப் படத்தை 4க்கு 6 அங்குலத்தில் அடியுங்கள். இணையத்தில் கிடைக்கும் அந்நிய நாட்டுச் சோதனைப் படத்தைவிட இதில் ஒரு லாபம்: அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அசல் குங்குமத்தையும் அசல் கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். திரையோடு ஒப்பிடவே தேவையில்லை.

ஒப்பிடும்போது சில நிறங்கள் எப்படியும் பிடிகொடுக்காது. திரையில் எரிகிற அந்த மயில்நீலச் சேலை அச்சில் ஊதா பக்கம் சாயும். கொழுந்தின் மேல் காலை வெயில் படும்போது வரும் மஞ்சள் பச்சை கொஞ்சம் அடங்கித்தான் வரும். மைக்கு எட்டாத நிறங்கள் அவை. போனில் ‘விவிட்’ நிலையில் பார்த்துவிட்டு அச்சில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் காமராவிலும் அது இருந்திருக்காது. ப்ரொஃபைல் இருந்தால், அச்சில் எப்படி வரும் என்பதை மென்பொருளின் சொஃப்ட் ப்ரூஃப் வசதியில் திரையிலேயே முன்கூட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால், அந்த நீலத்தின் செறிவைக் கொஞ்சம் இறக்கி, சயான் பக்கம் ஒரு நூல் தள்ளுங்கள். பச்சைக்கு வேறொரு தந்திரம்: செறிவைக் கூட்டாதீர்கள், கூட்டினால்தான் சேறாகும். இலைகளின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சுற்றியுள்ள முற்றிய இலையின் கரும்பச்சையை அப்படியே விட்டால், கொழுந்து தானாக எழுந்து தெரியும்.

இன்னொன்று, படம் வாட்ஸ்அப்பில் வந்ததா? அப்படியென்றால் எடுத்த போனிலிருந்தே அசல் கோப்பை வாங்குங்கள், அல்லது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். நசுங்கி வந்த கோப்பில் நிழலைத் தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் இருக்கும். நிற மேலாண்மை தெரியாத செயலியில் திறந்து அடித்தால் சோர்ந்து வரும். அச்சுக்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை.

திரையை அளக்கும் கருவி பற்றிக் கேட்டீர்கள். ஸ்பைடர், கேலிப்ரைட் மாதிரியானவை நல்லவை. டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளோடும் வேலை செய்யும். ஆனால் அவை திரையை மட்டும்தான் சரிசெய்யும். அச்சை அளந்து உங்கள் கடதாசிக்கு ப்ரொஃபைல் எழுத வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற வேறு கருவி வேண்டும், அது பல மடங்கு விலை. வாரம் இருபது முப்பது படம் அடித்துக் கல்யாண வேலைகளும் எடுக்க ஆரம்பித்தால் முதலாவதை வாங்குங்கள், அதுவும் நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போனால் போதும். அதுவரை அந்தக் காசுக்கு ஆர்சி கடதாசியும் ஒரு நல்ல மேசை விளக்கும் வாங்குங்கள்.

அம்மாயி படத்துக்கு இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நொசில் செக், திரையைக் குறைப்பது, மென்பொருள், டிரைவர் இரண்டில் ஒன்று மட்டும் நிறத்தை மாற்றும்படி வைப்பது, பிறகு அந்த நான்கு முகத் தாள். நான்கில் எது சரி என்று உடனே முடிவெடுக்காதீர்கள். ஈரம் காயும்போது நிறம் மெல்ல அடங்கும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். பெரிய படத்தை அடித்த பிறகு ஒரு முழு நாள், மழை நாளென்றால் இரண்டு நாள், தட்டையாகக் காயட்டும். சட்டம் போடும்போது படம் நேரே கண்ணாடியில் படாமல் சுற்றிலும் ஒரு அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஒரு தடவை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு பிரித்தெடுக்க முடியாது.